ஜேன் ஆஸ்டினும் பாகப்பத்திரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜேன் ஆஸ்டின் பிறந்த 250ஆவது ஆண்டையொட்டித் தங்கள் ஞாயிறு மலரில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஆங்கில நாவலாசிரியை ஒருவருக்குத் தமிழ் நாளிதழ் இரண்டு பக்கம் ஒதுக்குவது அரிது என்பதால் முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் கட்டுரை அவரைக் காதல் கதைகளின் அரசி என்று அழைத்து, அவருடைய நாவல்கள் இன்றும் படிக்கப்படுவதற்குக் காரணம் அழகிய உடைகளும் நடன விருந்துகளும் கடைசியில் நடக்கும் கல்யாணமும்தான் என்று தீர்ப்பெழுதிவிட்டு, போகிற போக்கில் அவருக்கும் நம் மண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றும் சொல்லியிருக்கிறது. இவ்விரண்டையும் மறுத்து எழுதவே இக்கடிதம். கடிதம் நீண்டுவிட்டது, தாங்கள் சுருக்கி வெளியிட்டாலும் எனக்கு மனக்குறை இல்லை, ஆனால் கீழே வரும் பணத் தொகைகளை மட்டும் வெட்டாமல் விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய பகுதியில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சிறிய அறையில் ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எழுதிப் பிழைத்தவன். கல்லூரியில் படித்தது ஆங்கில இலக்கியம். சோறு போட்டது பாகப்பத்திரமும் ஒற்றிப்பத்திரமும் விடுதலைப் பத்திரமும். இரண்டோடும் பழகியவன் என்ற ஒரே உரிமையில் சொல்கிறேன்: ஜேன் ஆஸ்டின் முதலில் எழுதியது சொத்தைப் பற்றித்தான். காதல் அந்தச் சொத்துக் கணக்கின் நடுவே வழி தேடிக்கொண்டு வருகிறது. வழி கிடைக்காமல் நின்றுபோவதும் உண்டு.

1813 ஜனவரியில் வெளிவந்த ‘பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்’ நாவலையே எடுத்துக்கொள்ளலாம். பென்னட் குடும்பத்துக்கு லாங்போர்ன் பண்ணையிலிருந்து ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருமானம். ஐந்து பெண்கள், ஆண் பிள்ளை இல்லை. அந்தப் பண்ணையோ ஆண் வாரிசுக்கு மட்டுமே இறங்கும்படி முன்பே கட்டி வைக்கப்பட்டது. ஆகவே தகப்பனார் கண்ணை மூடினால் அது காலின்ஸ் என்ற தூரத்து உறவுக்காரப் பாதிரியாருக்குப் போய்விடும். தாயும் பெண்களும் வெளியேற வேண்டியதுதான். தாயின் காலத்துக்குப் பிறகு பெண் ஒருத்திக்கு வரக்கூடியது நூற்றுக்கு நான்கு வட்டியில் போட்டிருக்கும் 1,000 பவுண்டு, அதாவது ஆண்டுக்கு 40 பவுண்டு. இந்தக் கணக்கை இரண்டாம் மகள் எலிசபெத்திடம் எடுத்துச் சொல்பவர் யார் என்றால், அவளைக் கட்டிக்கொள்ள வந்து நிற்கும் அதே காலின்ஸ்தான். தன் காதலைச் சொல்லி முடித்த கையோடு, உனக்குக் கிடைக்கப்போவது இவ்வளவுதான் என்று தொகையையும் வட்டியையும் சொல்லி, கல்யாணத்துக்குப் பிறகு அதைப் பற்றி ஒரு நாளும் குத்திக்காட்ட மாட்டேன் என்று வாக்கும் கொடுக்கிறார். ‘எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்’ என்று பெண் பார்க்க வந்த இடத்தில் சொல்லப்படும் வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் காலின்ஸ் அந்நியராகத் தெரிய மாட்டார்.

தொழில்காரனாக எனக்குப் பிடித்த நுட்பம் ஒன்று அந்நாவலில் உண்டு. பென்னட் ஏன் காசு சேர்க்கவில்லை என்பதற்கு ஆசிரியை ஒரு காரணம் தருகிறார். கல்யாணமான புதிதில், எப்படியும் ஒரு மகன் பிறப்பான், அவன் வயதுக்கு வந்ததும் தந்தையோடு சேர்ந்து கையெழுத்திட்டு அந்த ஆண்வழிக் கட்டை நீக்கிவிடுவான், மனைவிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் அதற்குப் பிறகு வழி செய்துகொள்ளலாம் என்று அவர் இருந்துவிட்டார். ஐந்தும் பெண்ணாகப் பிறந்தபின் இனிச் சேமித்து என்ன பயன் என்று விட்டுவிட்டார். சட்டம் படித்தவர் எழுத வேண்டிய இடத்தை, ஒரு கிராமத்துப் பாதிரியாரின் மகள் இரண்டு வரியில் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார். இந்த இரண்டு வரியையும் கவனித்துப் படித்தவர்கள் பிறகு பென்னட்டின் நகைச்சுவையை முன்போல ரசிக்க முடியாது. எல்லா வாசகர்களுக்கும் அவர் செல்லப்பிள்ளை. எனக்கு அவர்மேல் கோபம்தான். ஊரார் முன்னே மனைவியைக் கேலி செய்துகொண்டு புத்தக அறையில் போய் உட்கார்ந்துகொள்ளும் அந்த மனிதரைவிட, கத்திக்கொண்டும் நரம்புத் தளர்ச்சி என்று முனகிக்கொண்டும் திரியும் அந்த அம்மாள்தான் பெண்களின் தலைக்கு மேல் கூரை இருக்குமா என்று கவலைப்படுகிறாள். அவள் வழிகள் அசட்டுத்தனமானவை. அவள் பயம் அசட்டுத்தனமானது அன்று.

சார்லட் லூகாஸ் என்ற பாத்திரத்துக்கும் இங்கே கொஞ்சம் இடம் வேண்டும். அவளுக்கு வயது 27, அழகில்லை, பணமில்லை. எலிசபெத் மறுத்த அதே காலின்ஸ், மூன்று நாளுக்குள் இவளிடம் கேட்க, இவள் சம்மதித்துவிடுகிறாள். அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே செய்கிறாள். அக்காள் முதிர்கன்னியாகத் தங்கள் தலையில் விழுவாளோ என்று பயந்திருந்த தம்பிமார் நிம்மதி அடைகிறார்கள் என்று ஆசிரியை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்கிறார். பிற்பாடு எலிசபெத் அவள் வீட்டுக்குப் போய்த் தங்கும்போது, பெண்கள் உட்காருவதற்கு ஏன் வீட்டின் பின்பக்கத்து அறையைத் தோழி தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்பது அவளுக்குப் புரிகிறது. முன்பக்கத்து அறை பெரியது, வெளிச்சமானது; ஆனால் அது வசதியாக இருந்தால் கணவர் அடிக்கடி வந்து உட்கார்ந்துகொள்வார். தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று கணவரைத் தூண்டிவிடுவதும் அவள்தான். இதில் கண்ணீர் இல்லை, புலம்பல் இல்லை, சமூகத்தைச் சாடும் ஒரு வசனம் இல்லை. எந்த அறையில் உட்காருவது என்ற முடிவு ஒன்றில் ஒரு பெண்ணின் முழுத் தாம்பத்தியமும் வந்துவிடுகிறது. ஆசிரியை அவளை ஏளனம் செய்யவில்லை; தியாகியாக்கவும் இல்லை. எலிசபெத் அவளைத் தவறாக எடைபோட்டாள் என்று தோன்றும். கொஞ்ச நேரம் கழித்து, இல்லை, சரியாகத்தான் போட்டாள் என்றும் தோன்றும். இந்த ஊசலாட்டம் எத்தனை முறை படித்தாலும் நிற்பதில்லை.

ஆனால் எங்கள் பகுதி வாசகர்களிடம் ஒரே ஓர் அத்தியாயத்தைப் படிக்கச் சொல்லும்படி என்னைக் கேட்டால், 1811இல் ஆசிரியை பெயரில்லாமல், ‘ஒரு சீமாட்டி எழுதியது’ என்ற குறிப்போடு மட்டும் வெளிவந்த ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யின் இரண்டாம் அத்தியாயத்தைத்தான் சொல்வேன். உயில் ஒன்றின் காரணமாக நார்லண்ட் பண்ணை முழுவதும் முதல் தாரத்து மகன் ஜான் டேஷ்வுட்டுக்குப் போகிறது. இரண்டாம் தாரத்து மனைவியும் அவளுடைய மூன்று பெண்களும் அதே வீட்டில் விருந்தாளிகள் ஆகிவிடுகிறார்கள். சாகும்போது தகப்பனார் மகனிடம், இவர்களைப் பார்த்துக்கொள் என்று வாக்கு வாங்கியிருக்கிறார். மகன் கெட்டவன் அல்லன். தங்கைகள் மூவருக்கும் ஆளுக்கு 1,000 பவுண்டாக 3,000 பவுண்டு கொடுத்துவிடுவது என்று தானாகவே முடிவு செய்கிறான். அப்போது மனைவி ஃபேனி பேச ஆரம்பிக்கிறாள்.

நம் ஒரே பிள்ளையின் பணத்தை இப்படி வாரிக் கொடுக்கலாமா என்கிறாள். சரி, பாதியாக்கி ஆளுக்கு 500 என்கிறான். அதுவும் தேவையா என்று பேச்சு போகிறது. அப்படியானால் தாயார் இருக்கும்வரை ஆண்டுக்கு 100 பவுண்டு கொடுப்போம் என்கிறான். ஆண்டுத்தொகை கிடைக்கிறதென்றால் மனிதர்கள் சாகவே மாட்டார்கள் என்கிறாள் அவள். தன் தாயார் பழைய வேலைக்காரர்களுக்கு அப்படிக் கொடுத்துப் பட்ட பாட்டை எடுத்துச் சொல்கிறாள். பிறகு அது, அவ்வப்போது கையில் ஒரு 50 பவுண்டு கொடுப்பது என்றாகிறது. பிறகு, அப்பா பணத்தை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கவே மாட்டார், வீடு பார்த்துக் கொடுப்பது, சாமான் ஏற்றி அனுப்புவது, பருவத்தில் மீனும் வேட்டை இறைச்சியும் கொடுத்தனுப்புவது, இவற்றைத்தான் சொல்லியிருப்பார் என்றாகிறது. நான்கு பெண்களுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டு இருக்கிறதே, அவர்களுக்கு வண்டி உண்டா, குதிரை உண்டா, விருந்தாளி உண்டா, யோசித்துப் பார்த்தால் அவர்கள்தான் உங்களுக்கு ஏதாவது கொடுக்கக்கூடிய நிலையில் இருக்கிறார்கள் என்கிறாள். கடைசியில், மாமியார் எடுத்துப்போகும் பீங்கான் பாத்திரங்கள் இந்த வீட்டில் இருப்பவற்றைவிட இரண்டு மடங்கு அழகானவை என்ற வருத்தத்தில் வந்து பேச்சு நிற்கிறது.

முழு அத்தியாயத்திலும் யாரும் குரலை உயர்த்தவில்லை. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. கணவனும் மனைவியும் தாங்கள் செய்வது நியாயம் என்று மனமார நம்புகிறார்கள். 3,000 பவுண்டு ஒரு கூடை மீனாகச் சுருங்குவதை வாசகர் சிரித்துக்கொண்டே பார்க்கிறார். சிரித்து முடித்தபின் தன் குடும்பத்திலேயே இதே பேச்சு எந்த மாலையில், யார் வீட்டு முற்றத்தில் நடந்தது என்று நினைவுக்கு வருகிறது. நான் எழுதிய விடுதலைப் பத்திரங்களில் சகோதரிகள் தங்கள் பங்கு பாத்தியதையைச் சுயபுத்தியோடும் முழுமனதோடும் பிறர் தூண்டுதலின்றியும் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பத்திரத்தில் அப்படித்தான் எழுத வேண்டும். கல்யாணத்துக்குப் போட்ட நகையைப் பற்றி, அப்பாவின் வைத்தியச் செலவு யார் தலையில் விழுந்தது என்பதைப் பற்றி, ‘உனக்கு ஒன்று என்றால் நாங்கள் பார்க்காமலா இருப்போம்’ என்பதைப் பற்றி, அலுவலக வராந்தாவில் கையெழுத்துக்கு முந்தைய அரை மணி நேரம் நடக்கும் பேச்சுக்கு எந்தப் பத்திரத்திலும் இடம் கிடையாது. அந்த அரை மணி நேரத்தைத்தான் ஆஸ்டின் எழுதியிருக்கிறார்.

அவர் இங்கிலாந்தின் ஒரு குறிப்பிட்ட காலத்துச் சட்டத்துக்குள் நின்று எழுதியவர், அந்தச் சட்டம் மாறியதும் கதையும் பழையதாகிவிட்டது என்று யாரும் சொல்லலாம். சட்டம் மாறியது உண்மை. லாங்போர்னைக் கட்டிப்போட்ட அந்த ஆண்வழி ஏற்பாட்டின் பல்லை 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டம் பிடுங்கியது. 1996இல் வந்த இன்னொரு சட்டத்துக்குப் பிறகு அதைப் புதிதாக ஏற்படுத்தவே முடியாது. ஆனால் அதே ஆண்டுகளில் எங்கள் மாவட்டத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூரிலும் அதன் பின்வந்த திருவிதாங்கூர்–கொச்சியிலும் இருந்தவர்கள். கிழக்கே நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் மருமக்கள் வழி இருந்தது; சொத்து சகோதரியின் மகனுக்குப் போக, செத்தவனின் மனைவியும் மக்களும் குடும்பத் தலைவரான காரணவரின் தயவை எதிர்பார்த்து நின்றார்கள். மேற்கே நாயர்களின் தரவாடு என்னும் கூட்டுக்குடும்பங்களில் சொத்து பெண்வழியாக இறங்கினாலும் சாவிக்கொத்து காரணவர் இடுப்பில்தான் தொங்கியது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ எழுதியது இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான். ஒருவனுக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்டவள் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த அங்கதம் அது. நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1926இல் வந்தது; மருமக்கள் வழி போயிற்று; மான்மியத்தை இன்றும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மனப்பாடமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இல்லாத சட்டத்தைப் பற்றிய பாட்டுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டால், ஆஸ்டினை ஏன் இன்னும் படிக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். இருவருமே திட்டவில்லை. இருவருமே வீட்டுக்குள் இருந்து, பெண்ணின் குரலில், பாத்திரம் பண்டத்தை எண்ணிக்கொண்டு பேசுகிறார்கள்.

கிறிஸ்தவர்களின் நிலையும் இங்கே சொல்லத்தக்கது. 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால், மகனின் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே மகளுக்கு உரியது. சீதனம் கொடுத்திருந்தாலோ கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோ அதுவும் இல்லை. கோட்டயத்தில் பள்ளி நடத்திய மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951 முதலே செல்லாது என்று தீர்ப்பளித்தது. எவ்வளவு பெரிய பண்ணையாக இருந்தாலும் மகளுக்கு 5,000 ரூபாய். எவ்வளவு பெரிய லாங்போர்னாக இருந்தாலும் மகளுக்கு 1,000 பவுண்டு. பிறகு தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு வந்தது, ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை. 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. சட்டப்படி இன்று எந்தக் குறையும் இல்லை. விடுதலைப் பத்திரங்கள் மட்டும் குறைந்த பாடில்லை. ஃபேனியின் பேச்சுக்குச் சட்டம் தேவைப்படவே இல்லை.

இரண்டாவது கூற்றுக்கு வருகிறேன். நம் மண்ணுக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்று எழுதியவர் கடலூரை மறந்துவிட்டார். ஆஸ்டினுடைய தகப்பனாரின் உடன்பிறந்த சகோதரி பிலடெல்பியா, பெற்றோரை இழந்தவர், லண்டனில் தொப்பி தைக்கும் கடையில் தொழில் பழகியவர். சொத்தில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்கும் இடம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊர்கள் என்று அக்காலத்தில் கருதப்பட்டதால், 1752இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1753 பிப்ரவரியில் கடலூரில், தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த டைசோ சால் ஹான்காக் என்பவரை மணந்தார். பிற்காலத்தில் கல்கத்தாவில் அவருக்குப் பிறந்த எலைசா, ஆஸ்டினின் அண்ணன் ஹென்றியை மறுமணம் செய்துகொண்டு அந்தக் குடும்பத்துக்கே மருமகளாக வந்தார். ஆஸ்டின் தம் பதினாறாம் வயதில் எழுதி முடிக்காமல் விட்ட ‘கேத்தரின்’ என்ற கதையில், பெற்றோரை இழந்த ஒரு பெண்ணைச் சொந்தக்காரர்கள் மாப்பிள்ளை தேடி வங்காளத்துக்கு அனுப்பிவைக்கிறார்கள். அவள் அங்கே செல்வமாகவும் சந்தோஷமில்லாமலும் வாழ்கிறாள். அந்த அத்தை கடலூர்க் கரையில் இறங்கியபோது எப்படி இருந்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தால், சார்லட் லூகாஸ் எங்கிருந்து வந்தாள் என்று ஊகிக்கத் தோன்றுகிறது. ஊகம்தான், ஆனால் பொல்லாத ஊகம் அன்று.

ஆஸ்டினின் ஒரே தம்பி சார்ல்ஸ், கடற்படைத் தளபதியாகப் பர்மாப் போரின்போது 1852இல் ஐராவதி ஆற்றில் காலரா கண்டு இறந்தார். அவர் கல்லறை இருப்பது தமிழ் பேசும் திருகோணமலையில். நாவல்களுக்குள்ளேயும் நம் பக்கம் அங்கங்கே எட்டிப் பார்க்கிறது. ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யில் வரும் கர்னல் பிராண்டன் கிழக்கிந்தியாவில் பணியாற்றித் திரும்பியவர். அவர் சொல்வதெல்லாம் அங்கே வெயில் அதிகம், கொசுத்தொல்லை அதிகம் என்பதுதானே என்று இளையவர்கள் அவரைக் கிண்டல் செய்கிறார்கள். ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’கில் வரும் சோம்பேறிச் சீமாட்டி, உறவுக்காரப் பையன் கிழக்கிந்தியாவுக்குப் போனால் தனக்குச் சால்வை வரும் என்று காத்திருக்கிறாள், ஒன்று போதாது, இரண்டாக வாங்கிக்கொள்வேன் என்கிறாள். ஒரு பேரரசைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக எழுதுவது கடினம்.

அவர் காலத்துப் போர்கள் அவர் நாவலில் இல்லை என்ற பழைய குற்றச்சாட்டையும் தங்கள் கட்டுரை எடுத்திருந்தது. இதைச் சொன்னவர்களில் வின்ஸ்டன் சர்ச்சிலும் ஒருவர். 1943 இறுதியில் வட ஆப்பிரிக்காவில் நிமோனியாக் காய்ச்சலில் படுத்திருந்தபோது மகள் ‘பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்’ வாசிக்கக் கேட்டுவிட்டு, நெப்போலியன் போரைப் பற்றிய கவலைகூட இல்லாமல் இவர்கள் எவ்வளவு அமைதியாக வாழ்ந்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்ததாகத் தம் நூலில் எழுதியிருக்கிறார். இரண்டு சகோதரர்களைக் கடற்படையில் வைத்திருந்த பெண்ணுக்குப் போர் தெரியாமல் இல்லை. ‘பர்சுவேஷன்’ நாவலில் கேப்டன் வென்ட்வர்த், கையில் காசில்லாதவன் என்பதற்காக ஒதுக்கப்பட்டு, எட்டாண்டு கழித்து 25,000 பவுண்டோடு திரும்பி வருகிறான். அது போரில் எதிரிக் கப்பல்களைப் பிடித்ததற்குக் கிடைத்த பரிசுப் பணம். ஊதாரிப் பிரபு தன் மாளிகையை ஒரு கடற்படைத் தளபதிக்கு வாடகைக்கு விட வேண்டியிருக்கிறது. போரினால் யார் கையிலிருந்து யார் கைக்குப் பணம் மாறியது என்பது இதைவிடத் தெளிவாக எந்தச் சரித்திர நூலில் இருக்கிறது? தகப்பன் செத்தால் தெருவுக்கு வரப்போகும் ஐந்து பெண்களின் வாழ்க்கையை அமைதியான வாழ்க்கை என்று சொல்ல ஒரு பிரதம மந்திரியால்தான் முடியும்.

ஆஸ்டின் குறையே இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. அவர் நாவல்களின் வீடுகளில் சமைத்தவர்களுக்கும் குதிரை பிடித்தவர்களுக்கும் பெரும்பாலும் முகமே இல்லை. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஆன்டிகுவாவில் அடிமைகளை வைத்து நடந்த தோட்டத்தின் வருமானத்தில் மான்ஸ்ஃபீல்ட் வீடு நிற்கிறது. அடிமை வணிகத்தைப் பற்றி நாயகி ஒரு கேள்வி கேட்டாள், யாரும் பேசவில்லை என்ற அளவோடு ஆசிரியையும் நிறுத்திக்கொள்கிறார். ‘ஜேன் அயர்’ நாவலை எழுதிய சார்லட் பிராண்டே 1848இல் ஒரு கடிதத்தில், இவருடைய உலகம் நன்றாக வேலியிட்ட தோட்டம், அங்கே திறந்தவெளி இல்லை, காற்று இல்லை என்று எழுதினார். உண்மைதான். ஆனால் வேலி எங்கே ஓடுகிறது, யார் போட்டது, யார் நிலத்தில் எத்தனை முழம் தள்ளிப் போட்டார்கள் என்று ஆஸ்டினுக்குத் தெரிந்த அளவு பிராண்டேக்குத் தெரியாது என்பது என் கட்சி.

ஆஸ்டினின் வாழ்க்கையும் இதே கணக்குக்குள்தான் நடந்தது. 1797இல் தகப்பனார் மகளின் நாவலை வெளியிடுவீர்களா என்று ஒரு பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டபோது, கையெழுத்துப் பிரதியைப் பார்க்கக்கூட மறுத்துக் கடிதத்தைத் திருப்பிவிட்டார்கள். 1802 டிசம்பரில், பெரிய பண்ணைக்கு வாரிசான ஒருவர் பெண் கேட்க, மாலையில் சம்மதித்துவிட்டு மறுநாள் காலையில் மறுத்துவிட்டார். சார்லட் லூகாஸின் வாழ்க்கை ஓர் இரவு அவருடையதாக இருந்தது. 1803இல் ஒரு நாவலை 10 பவுண்டுக்கு விற்றார். வாங்கியவர் அச்சிடவே இல்லை. 1816இல் அதே 10 பவுண்டைக் கொடுத்து மீட்டார்கள். 1805இல் தகப்பனார் இறந்தபின், தாயும் இரு பெண்களும் சகோதரர்கள் கொடுத்ததில் வாழ்ந்து, ஊர் ஊராக மாறி, 1809இல் பணக்கார உறவினருக்குத் தத்துப் போயிருந்த அண்ணன் எட்வர்டு சாட்டனில் கொடுத்த வீட்டில் குடியேறினார்கள். அவருடைய சகோதரர்கள் ஜான் டேஷ்வுட்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யில் 140 பவுண்டு லாபம் வந்தது, ‘பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்’ உரிமையை 110 பவுண்டுக்கு முழுவதுமாக விற்றுவிட்டார். எழுதியே 250 பவுண்டு சம்பாதித்துவிட்டேன் என்று 1813இல் தம் சகோதரருக்குப் பெருமையோடு எழுதினார். 1817 ஜூலையில், 41ஆம் வயதில் இறந்தார். வின்செஸ்டர் பேராலயத்தில் அவர்மேல் பதித்த கல்லில் அவர் குணநலன்கள் எல்லாம் இருக்கின்றன. நாவல் எழுதினார் என்பது இல்லை. 2017இல் இங்கிலாந்தின் 10 பவுண்டு நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டார்கள். மீட்பதற்கு அவர் குடும்பம் கொடுத்த தொகையும் அதுதான்.

தங்கள் கட்டுரையோடு வந்த படங்களில் பாதி, 2000இல் ராஜீவ் மேனன் எடுத்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தினுடையவை. பாட்டுகளையும் நடிகர்களையும் பற்றித்தான் அந்தப் படக்குறிப்புகள் பேசின. அதில் ஆஸ்டின் எங்கே இருக்கிறார் என்றால், தாத்தாவின் உயிலைத் திறந்து பார்த்தபின் தாயும் மூன்று பெண்களும் செட்டிநாட்டு வீட்டில் அன்னியராகும் அந்தக் காட்சிகளில் இருக்கிறார்.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யின் இரண்டாம் அத்தியாயம் சிறியது, உரிமைத்தொகை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. அதை நல்ல தமிழில் பெயர்க்கச் செய்து ஞாயிறு மலரில் ஒரே பக்கத்தில், படங்கள் இல்லாமல், தொகைகளைப் பவுண்டிலேயே வைத்து வெளியிடுங்கள். பக்கத்தின் ஓரத்தில் மேலே சொன்ன 1753ஆம் ஆண்டுக் கல்யாணத்தைப் பற்றிய குறிப்புக்கும் இடம் ஒதுக்கினால் நல்லது. எல்லாப் பதிப்புகளிலும் இடமில்லை என்றால் கடலூர்ப் பதிப்பிலாவது போட்டுவிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர்,
விளவங்கோடு வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.